வாடகை வீட்டில் நீர்க் கட்டணமும் குழாய்ச் சிக்கனமும்

ஒரு வீட்டில் நாள்தோறும் எவ்வளவு நீர் செலவாகும் என்பதை இரண்டு காரணங்கள் முடிவு செய்கின்றன. ஒன்று, அங்குக் குடியிருப்போரின் பழக்கம். மற்றொன்று, அவ்வீட்டில் பொருத்தப்பட்டுள்ள குழாய்களும் தொட்டிகளும். சொந்த வீட்டில் வசிப்பவருக்கு இவ்விரண்டும் தம் கையிலேயே உள்ளன. குழாய் ஒழுகினால் அவரே வாஷரை மாற்றுகிறார். அதனால் கட்டணம் குறைந்தால் அப்பயனும் அவரையே சேருகிறது. வாடகை வீட்டில் நிலைமை வேறு. பழக்கம் குடியிருப்பவருடையது, குழாய் வீட்டுச் சொந்தக்காரருடையது.

இதனால் ஒரு சிக்கல் எழுகிறது. நீர்க் கட்டணம் வாடகையுடன் சேர்ந்தே வசூலிக்கப்பட்டால், குடியிருப்பவர் எவ்வளவு செலவழித்தாலும் அவர் கொடுக்கும் தொகை மாறுவதில்லை. ஆகவே சிக்கனமாயிருக்க அவருக்குத் தூண்டுதல் இல்லை. மானியில் காணும் அளவின்படி குடியிருப்பவரே கட்டணம் செலுத்துவதாயின், நல்ல குழாய் வாங்கிப் பொருத்தச் சொந்தக்காரருக்குத் தூண்டுதல் இல்லை. ஏனெனில், செலவு அவருடையது, மிச்சம் மற்றொருவருடையது. எந்த ஏற்பாட்டைக் கைக்கொண்டாலும் இருவரில் ஒருவர் அக்கறையற்றவராகி விடுகிறார். நடுவில் வீணாவது நீர்.

இச்சிக்கலைத் தீர்க்க ஆஸ்திரேலிய நாட்டின் சில மாநிலங்கள் ஒரு வழியைக் கண்டன. குடியிருப்பவரிடம் நீர்க் கட்டணம் வசூலிக்கும் உரிமை சொந்தக்காரருக்கு உண்டு. ஆனால் வீட்டின் குழாய்களைச் சிக்கனமானவையாக அமைத்த பின்னரே அவ்வுரிமை பிறக்கும் என்று அவை சட்டம் செய்தன. கடமை முன்னே, உரிமை பின்னே என்பதே இச்சட்டங்களின் சாரம். குழாய்களின் தொழில்நுட்பமும், குடும்பங்களின் வரவு செலவும், நியாயம் என்னும் கருத்தும் இதில் ஒன்று சேர்ந்திருப்பதால், கள ஊழியரும் ஆசிரியரும் இதனை அறிந்துகொள்வது பயனுடையது.

வறட்சி கற்பித்த பாடம்

ஆஸ்திரேலியா மக்கள் வாழும் கண்டங்களுள் மிகவும் வறண்டது. அதன் தென்கிழக்குப் பகுதியை 1997 முதல் 2009 வரை ஒரு நெடிய வறட்சி வாட்டியது. அது புத்தாயிரத்தாண்டு வறட்சி என்று அழைக்கப்படுகிறது. நியூ சௌத் வேல்ஸ் மாநிலத்தின் தலைநகரான சிட்னிக்கு வேண்டிய நீரின் பெரும்பகுதி, 1960ஆம் ஆண்டில் கட்டி முடிக்கப்பெற்ற வாரகம்பா அணையிலிருந்து வருகிறது. 2007ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அவ்வணையின் நீர் கொள்ளளவில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காகக் குறைந்தது. தோட்டங்களுக்கு நீர் விடவும் வண்டிகளைக் கழுவவும் கட்டுப்பாடுகள் விதிக்கப்பட்டன. கடல் நீரைக் குடிநீராக்கும் ஆலையொன்று கர்னல் என்னுமிடத்தில் நிறுவப்பட்டு, 2010இல் இயங்கத் தொடங்கியது.

புதிய நீரைத் தேடுவதைவிட, இருக்கும் நீரை வீணாக்காமல் காப்பது மலிவு என்ற உண்மை அக்காலத்தில் எல்லோருக்கும் புலனாயிற்று. 2005ஆம் ஆண்டில் அந்நாட்டு நாடாளுமன்றம் நீர்ச் சிக்கன அடையாளச் சீட்டு மற்றும் தரச் சட்டத்தை நிறைவேற்றியது. 2006 ஜூலை முதல் நாள் தொட்டு, விற்பனைக்கு வரும் ஷவர், குழாய், கழிவறைத் தொட்டி, துணி துவைக்கும் இயந்திரம் முதலியவற்றின்மீது நட்சத்திரக் குறியிட்ட சீட்டு ஒட்டப்பட வேண்டும் என்பது கட்டாயமாயிற்று. நட்சத்திரம் மிகுதியாக இருந்தால் நீர்ச் செலவு குறைவு என்பது பொருள். பொருளை வாங்குவோர் கடையிலேயே ஒப்பிட்டுப் பார்க்க இது உதவியது. எனினும், வாடகை வீட்டுக்கு ஷவரை வாங்குபவர் அதன் அடியில் நின்று குளிப்பவர் அல்லர். சீட்டு மட்டும் அங்குப் போதுமானதாயில்லை. அந்தக் குறையை வாடகைச் சட்டம் நிரப்ப வேண்டியதாயிற்று.

சட்டத்தின் நிபந்தனைகள்

நியூ சௌத் வேல்ஸ் மாநிலத்தின் 2010ஆம் ஆண்டுக் குடியிருப்பு வாடகைச் சட்டம் 2011 ஜனவரி 31இல் நடைமுறைக்கு வந்தது. அதன்படி, குடியிருப்பவர் தாம் உபயோகித்த நீருக்குக் கட்டணம் செலுத்த வேண்டுமாயின் மூன்று நிபந்தனைகள் நிறைவேற வேண்டும். முதலாவதாக, அவ்வீட்டுக்கெனத் தனி மானி இருத்தல் வேண்டும். அல்லது நீர் வண்டியில் கொண்டு வந்து கொடுக்கப்படுவதாக இருத்தல் வேண்டும். இரண்டாவதாக, கேட்கப்படும் தொகை, நீர் வழங்கும் நிறுவனம் உபயோகத்துக்காக விதித்த தொகையை மிஞ்சக் கூடாது. மூன்றாவதாக, விதிகளில் கூறப்பட்ட சிக்கன ஏற்பாடுகள் அவ்வீட்டில் அமைந்திருத்தல் வேண்டும்.

அச்சிக்கன ஏற்பாடுகள் வருமாறு:

ஷவர்கள் அனைத்திலும் நிமிஷத்துக்கு 9 லிட்டருக்கு மேல் நீர் வரலாகாது. சமையலறைத் தொட்டிக்கும் கைகழுவும் தொட்டிக்கும் உரிய தண்ணீர்க் குழாய்களிலும், வெந்நீரும் தண்ணீரும் ஒரே பிடியின்கீழ்க் கலந்து வரும் குழாய்களிலும் அதே 9 லிட்டரே உச்ச அளவு. வாடகைக் காலம் தொடங்கும்போது குழாய்களிலும் கழிவறைத் தொட்டிகளிலும் ஒழுக்கு உள்ளதா என்று பரிசோதித்து, இருந்தால் அதனைச் செப்பனிட வேண்டும். சிக்கன ஏற்பாடுகளைப் புதிதாகப் பொருத்தும்போதும், பழுது பார்க்கும்போதும், மேம்படுத்தும்போதும் இதனைத் திரும்பச் செய்தல் வேண்டும். 2025 மார்ச் 23 முதல், கழிவறைத் தொட்டிகள் அனைத்தும் இரட்டைப் பிளஷ் உடையனவாகவும் குறைந்தது மூன்று நட்சத்திரத் தகுதி பெற்றனவாகவும் இருத்தல் வேண்டும்.

இறுதியிற் கூறிய நிபந்தனை 2020 மார்ச் 23இல் நடைமுறைக்கு வந்த விதிகளிலேயே இடம்பெற்றிருந்தது. தொட்டியை மாற்றுவது குழாய் முனையை மாற்றுவதைவிடச் செலவு மிக்கதாதலின், சொந்தக்காரர்களுக்கு ஐந்தாண்டு அவகாசம் அளிக்கப்பட்டது.

நீர்க் கட்டணச் சீட்டில் இரு பகுதிகள் உண்டு. குழாய் இணைப்பு இருப்பதற்காக விதிக்கப்படும் நிலையான தொகை ஒன்று. மானி காட்டும் உபயோக அளவுக்கு விதிக்கப்படும் தொகை மற்றொன்று. முன்னதைச் சொந்தக்காரரே ஏற்க வேண்டும். பின்னதை மட்டுமே குடியிருப்பவரிடம் கேட்கலாம். அதனையும் சீட்டு வெளியான மூன்று மாதங்களுக்குள் கேட்டல் வேண்டும். கேட்ட பின்னர் செலுத்துவதற்குக் குறைந்தது 21 நாட்கள் அவகாசம் தருதல் வேண்டும். காலம் கடந்து கேட்டால் குடியிருப்பவர் அதனைச் செலுத்தக் கடமைப்பட்டவர் அல்லர். உபயோகக் கட்டணத்தில் சொந்தக்காரருக்குத் தள்ளுபடி ஏதேனும் கிடைத்திருந்தால், அதன் பயனையும் குடியிருப்பவருக்கே அளித்தல் வேண்டும். இவற்றில் தகராறு எழுந்தால் மாநிலத்தின் சிவில் நிர்வாகத் தீர்ப்பாயத்தில் முறையிடலாம்.

ஒன்பது லிட்டரின் கணக்கு

ஒன்பது லிட்டர் என்னும் அளவு அற்பமாகத் தோன்றலாம். கணக்கிட்டுப் பார்த்தால் அதன் பெருமை விளங்கும். பழைய மாதிரி ஷவர் ஒன்றில் நிமிஷத்துக்கு 15 லிட்டர் வருவதாகக் கொள்வோம். ஒருவர் எட்டு நிமிஷம் குளித்தால் 120 லிட்டர் செலவாகிறது. ஒன்பது லிட்டர் ஷவரில் அதே நேரம் குளித்தால் 72 லிட்டரே ஆகிறது. ஒருவருக்கு ஒரு குளிப்பில் மிச்சம் 48 லிட்டர். நால்வர் உள்ள குடும்பத்துக்கு நாளொன்றுக்கு 192 லிட்டர். 90 நாட்கள் கொண்ட கட்டணக் காலத்துக்கு 17,280 லிட்டர். எவரும் தம் பழக்கத்தை மாற்றிக்கொள்ளாமலேயே, குழாயின் முனை ஒன்றை மாற்றியதால் விளைந்த மிச்சம் இது.

மிச்சமாவது நீர் மட்டுமன்று. குளிக்கும் நீர் 15 பாகை செல்சியஸிலிருந்து 40 பாகைக்குச் சூடேற்றப்படுவதாகக் கொள்வோம். ஒரு லிட்டர் நீரின் வெப்பநிலையை ஒரு பாகை உயர்த்த ஏறத்தாழ 4.2 கிலோஜூல் வெப்பம் வேண்டும். ஆகவே 48 லிட்டரை 25 பாகை உயர்த்த 5,040 கிலோஜூல் ஆகும். ஒரு யூனிட் மின்சாரம் 3,600 கிலோஜூலுக்குச் சமம். எனவே, ஒரு குளிப்பில் 1.4 யூனிட் மிஞ்சுகிறது. முன்கூறிய குடும்பத்துக்கு 90 நாட்களில் இது 504 யூனிட் ஆகிறது. மின்சாரக் கட்டணத்தைப் பெரும்பாலும் குடியிருப்பவரே செலுத்துவதால், சொந்தக்காரர் பொருத்தும் ஒரு சிறு சாதனம் மற்றவரின் இரண்டு கட்டணங்களைக் குறைக்கிறது. வெப்ப இயல் பாடம் நடத்தும் ஆசிரியர்கள் இக்கணக்கை வகுப்பில் பயன்படுத்தலாம்.

குளிக்கும் தொட்டியின் குழாய்க்கும், துணி துவைக்கும் இயந்திரத்துக்கான குழாய்க்கும், வீட்டுக்கு வெளியே உள்ள குழாய்க்கும் இவ்வரம்பு விதிக்கப்படவில்லை. காரணம் எளிது. குளிக்கும் தொட்டியும் இயந்திரமும் குறிப்பிட்ட அளவு நீரைக் கொள்வன. குழாயின் ஓட்டத்தைக் குறைத்தால் அவை நிரம்ப நேரம் அதிகமாகுமேயன்றி நீர் குறையாது. ஓடிக்கொண்டே இருக்கும் நீரில் செய்யும் வேலைகளுக்கு மட்டுமே ஓட்டக் கட்டுப்பாடு பயன் தரும். சட்டம் செய்தோர் இவ்வேற்றுமையை உணர்ந்து விதி வகுத்துள்ளனர்.

சாதனம் வேலை செய்யும் முறை

குழாயின் வாயைச் சிறிதாக்கினால் நீர் குறையும் என்பது எவரும் அறிந்ததே. ஆயினும் அதில் ஒரு குறை உண்டு. சிறு துளை வழியே வரும் நீரின் அளவு, அழுத்தத்தின் வர்க்க மூலத்தை ஒட்டி மாறுகிறது. அழுத்தம் நான்கு மடங்கானால் ஓட்டம் இரண்டு மடங்காகும். ஆதலால் தாழ்வான பகுதியிலுள்ள வீட்டில் மிகுதியாகவும், மேட்டில் உள்ள வீட்டில் குறைவாகவும் நீர் வரும். இதனைச் சீராக்க, ஓட்டச் சீராக்கி என்னும் சிறு வில்லையைக் குழாய்க்குள் பொருத்துகின்றனர். அதில் ரப்பர் வளையம் ஒன்று இருக்கும். அழுத்தம் கூடும்போது வளையம் நசுங்கி வழியை ஒடுக்குகிறது. அழுத்தம் குறையும்போது பழைய வடிவுக்கு மீண்டு வழியை விரிக்கிறது. இதனால் அழுத்தம் மாறினும் ஓட்டம் ஏறக்குறைய ஒரே அளவில் நிற்கிறது.

கைகழுவும் குழாயின் முனையில் பொருத்தப்படும் ஏரேட்டர் வேறு வகையானது. சிறு துளைகளினூடே விரைந்து செல்லும் நீர், பக்கத் துளைகளின் வழியே காற்றை உள்ளிழுத்துக் கொள்கிறது. காற்றும் நீரும் கலந்து வெண்ணிறத் தாரையாக இறங்குகின்றன. தாரையின் பருமன் குறையாததால் கை கழுவுவோருக்குக் குறைவு தோன்றுவதில்லை. இதன் வலையில் மணலும் உப்பும் படிந்து அடைத்துக்கொள்ளும். ஆதலால் இடையிடையே கழற்றிக் கழுவுதல் வேண்டும். மேலும், சிலவகை வாயு வெந்நீர்க் கருவிகள் நீரோட்டம் மிகவும் குறைந்தால் பற்றி எரிய மாட்டா. அத்தகைய வீடுகளில் கருவிக்கு வேண்டிய குறைந்தபட்ச ஓட்டத்தை அறிந்த பின்னரே சாதனத்தைத் தெரிந்தெடுத்தல் வேண்டும்.

இரட்டைப் பிளஷ் தொட்டி

சிறுநீர் கழித்த பின்னும் மலம் கழித்த பின்னும் ஒரே அளவு நீரை ஊற்றுவது வீண் என்ற எண்ணத்திலிருந்து இரட்டைப் பிளஷ் தொட்டி பிறந்தது. 1980ஆம் ஆண்டில், ஆஸ்திரேலியாவின் காரோமா கம்பெனியைச் சேர்ந்த புரூஸ் தாம்சன் இதனை வடிவமைத்தார். அதில் இரண்டு பொத்தான்கள் இருந்தன. ஒன்றை அழுத்தினால் 11 லிட்டரும், மற்றொன்றை அழுத்தினால் 5.5 லிட்டரும் வெளிவந்தன. 1993இல் இவ்வளவுகள் 6 லிட்டராகவும் 3 லிட்டராகவும் குறைந்தன. இன்று 4.5 லிட்டரும் 3 லிட்டரும் செலவிடும் தொட்டிகள் அந்நாட்டில் சாதாரணமாய்க் கிடைக்கின்றன. தொட்டியின் நீரைக் குறைத்தால் மட்டும் போதாது. அச்சிறு நீரே கழிவை அடித்துச் செல்லும்படி, கீழேயுள்ள பீங்கான் கோப்பையின் வளைவையும் மாற்றியமைத்தல் வேண்டும். ஆதலால் பழைய கோப்பையின்மேல் புதிய தொட்டியை வைத்தால் சில சமயம் இருமுறை நீர் விட நேரிடும். அப்போது சிக்கனம் தோற்றுப்போகிறது.

ஒருவர் ஒரு முழுப் பிளஷும் நான்கு அரைப் பிளஷும் உபயோகிப்பதாகக் கொண்டு சராசரி கணிக்கப்படுகிறது. 6 லிட்டரும் 3 லிட்டரும் விடும் தொட்டியில் ஐந்து முறைக்கு 18 லிட்டர், சராசரி 3.6 லிட்டர். மூன்று நட்சத்திரத் தகுதிக்குச் சராசரி 4 லிட்டரை மிஞ்சக் கூடாதென்பதால், இது அத்தகுதியைப் பெறுகிறது. 4.5 லிட்டரும் 3 லிட்டரும் விடும் தொட்டியில் சராசரி 3.3 லிட்டர். ஒவ்வொரு முறையும் 11 லிட்டர் கொட்டிய பழைய ஒற்றைத் தொட்டியில் ஐந்து முறைக்கு 55 லிட்டர் செலவானதை நோக்கினால், முன்னேற்றத்தின் அளவு தெளிவாகும்.

கண்ணுக்குத் தெரியாத ஒழுக்கு

சட்டம் ஒழுக்குப் பரிசோதனையைக் கட்டாயமாக்கியதற்குத் தக்க காரணம் உண்டு. சொட்டுச் சொட்டாய் ஒழுகும் குழாயின் கீழ் 200 மில்லிலிட்டர் கொள்ளும் டம்ளர் ஒன்றை வைப்போம். அது பத்து நிமிஷத்தில் நிறைவதாயின், மணிக்கு 1.2 லிட்டர், நாளைக்கு 28.8 லிட்டர், ஆண்டுக்கு 10,512 லிட்டர் வீணாகிறது. இந்நீருக்கும் மானி ஓடுகிறது. ஒருவர் ஒரு துளியும் பருகாத நீருக்கு அவரே விலை கொடுக்க நேர்வது நியாயமன்று. அவர் குடிவருமுன்பே ஒழுகிக் கொண்டிருந்த குழாயாயின் அது அநியாயமே ஆகும்.

குழாயின் ஒழுக்கு காதுக்கேனும் கேட்கும். கழிவறைத் தொட்டியின் ஒழுக்கு பீங்கானின் பின்புறமாக ஓசையின்றி வழிந்துவிடும். அதனைக் கண்டுபிடிக்க எளிய வழி, தொட்டியின் நீரில் சிறிது சாயத்தைக் கலந்து, அரை மணி நேரம் பிளஷை அழுத்தாமல் விட்டு வைப்பதாகும். கோப்பையில் நிறம் தோன்றினால், தொட்டியின் அடியிலுள்ள ரப்பர் மூடி சரியாகப் பொருந்தவில்லை என்று கொள்ளலாம்.

அளந்து பார்க்கும் முறை

விதி நிறைவேறியதா என்பதை அறிய விலையுயர்ந்த கருவி வேண்டியதில்லை. அளவு குறித்த வாளி ஒன்றும் வினாடி காட்டும் கடிகாரமும் போதும்.

முதலில் ஷவரை முழுவதும் திறந்து, ஓட்டம் நிலைபெறும்வரை காத்திருத்தல் வேண்டும். பின்னர் வாளியைச் சரியாகப் பத்து வினாடி பிடித்து, சேர்ந்த நீரை அளந்து, ஆறால் பெருக்குதல் வேண்டும். பத்து வினாடியில் ஒன்றரை லிட்டர் சேர்ந்தால் நிமிஷத்துக்கு 9 லிட்டர். அதற்கு மிகுந்தால் ஷவர் விதிக்கு உட்பட்டதன்று. மூன்று முறை அளந்து சராசரி எடுப்பது நலம். வெந்நீரும் தண்ணீரும் கலக்கும் குழாயில், பிடியை நடுவில் வைத்து இரண்டும் வரும்படி அளத்தல் வேண்டும்.

மறைவான ஒழுக்கை அறிய மானியே துணை செய்யும். இரவில் எல்லாக் குழாய்களையும் மூடிய பின் மானியின் எண்களைக் குறித்து வைத்து, காலையில் எவரும் நீர் எடுக்குமுன் மீண்டும் பார்த்தல் வேண்டும். எண் மாறியிருந்தால் எங்கோ ஒழுக்கு உள்ளது. சிட்னி நகர மானிகளில் கறுப்பு எண்கள் கிலோ லிட்டரையும் சிவப்பு எண்கள் லிட்டரையும் காட்டும். சிவப்பு எண்கள் அசைவது சிறு ஒழுக்கையும் காட்டிக் கொடுத்துவிடும்.

வாடகைக் காலத் தொடக்கத்தில் வீட்டின் நிலையை விவரிக்கும் அறிக்கை ஒன்று அம்மாநிலத்தில் எழுதப்படுகிறது. குழாய்கள் சிக்கன விதிகளுக்கு உட்பட்டனவா என்பதும், மானியின் அன்றைய எண்ணும் அதில் இடம்பெறுகின்றன. பின்னர் எழும் தகராறுகளில் இவ்வறிக்கையே சான்றாகிறது.

மற்ற மாநிலங்களின் வழி

குவீன்ஸ்லாந்து மாநிலமும் இக்கொள்கையையே பின்பற்றுகிறது. எனினும் முறை சிறிது வேறுபடுகிறது. அங்கும் தனி மானி வேண்டும். குழாய்க்கும் ஷவருக்கும் 9 லிட்டரே வரம்பு. கட்டணம் செலுத்தும் பொறுப்பு வாடகை உடன்படிக்கையிலும் குறிக்கப்பட்டிருத்தல் வேண்டும். கழிவறைத் தொட்டியில் முழுப் பிளஷ் 6.5 லிட்டரையும் அரைப் பிளஷ் 3.5 லிட்டரையும் சராசரி 4 லிட்டரையும் மிஞ்சலாகாது. இவ்விரண்டு அளவுகளும் ஒருங்கே உச்சத்தில் இருந்தால் சராசரி 4.1 ஆகிவிடும் என்பது கணக்கிடுவோர் கவனிக்கத்தக்கது. வீடு இவ்விதிகளுக்கு உட்பட்டிருந்தால் உபயோகித்த நீர் முழுமைக்கும் கட்டணம் கேட்கலாம். உட்படாவிடில், நியாயமான அளவுக்கு மேற்பட்ட நீருக்கு மட்டுமே கேட்கலாம். அதாவது, சொந்தக்காரர் தம் கடமையைச் செய்யாவிடில், ஒரு குடும்பத்துக்கு நியாயமாக வேண்டிய நீரின் செலவு அவருடையதாகிறது.

விக்டோரியா மாநிலம் மற்றொரு வழியில் சென்றது. 2021 மார்ச் 29 முதல் நடைமுறையிலுள்ள விதிகளின்படி, மூன்று நட்சத்திர ஷவர் என்பது வாடகை வீட்டின் குறைந்தபட்சத் தரங்களுள் ஒன்றாக வைக்கப்பட்டுள்ளது. முதல் இரு மாநிலங்களில் அது கட்டணம் கேட்பதற்கு நிபந்தனை. இங்கு வீட்டை வாடகைக்கு விடுவதற்கே நிபந்தனை.

சட்டம் எட்டாத இடங்கள்

இவ்வேற்பாடுகளால் எல்லாக் குறைகளும் நீங்கிவிட்டன என்று கூற இயலாது. பழைய அடுக்குமாடிக் கட்டடங்கள் பலவற்றில் கட்டடம் முழுமைக்கும் ஒரே மானிதான் உண்டு. அங்குத் தனிக் கட்டணம் கேட்க வழியில்லை. ஆகவே நியூ சௌத் வேல்ஸ் விதியின் தூண்டுதலும் அங்குச் செயற்படுவதில்லை. தண்ணீரை வீணாக்கும் பழைய குழாய்கள் இத்தகைய கட்டடங்களிலேயே நீடித்திருக்க வாய்ப்பு மிகுதி.

இரண்டாவது குறை, மனித இயல்பைப் பற்றியது. குழாய் ஒழுகுகிறது என்று முறையிட்டால் வீட்டைக் காலி செய்யச் சொல்வார்களோ என்னும் அச்சத்தால் பலர் வாய் திறவாமல் இருந்து விடுவதுண்டு. உரிமை ஏட்டில் இருந்தாலும், அதனைக் கேட்கும் துணிவு வீட்டில் நிலைத்திருக்கலாம் என்ற உறுதியைச் சார்ந்தது. காரணம் கூறாமல் குடியிருப்பவரை வெளியேற்றும் முறை நியூ சௌத் வேல்ஸில் 2025 மே 19 முதல் நீக்கப்பட்டது. இது நீரைப் பற்றிய சட்டம் அன்று. ஆயினும் ஒழுகும் குழாயைப் பற்றி அச்சமின்றிப் பேச இடம் அளிப்பதால், நீரைக் காப்பதிலும் இதற்குப் பங்கு உண்டு.

மூன்றாவதாக, ஒன்பது லிட்டர் என்பது உச்ச வரம்பே தவிர, சிக்கனத்தின் எல்லை அன்று. மூன்று நட்சத்திர ஷவர்களில் 7.5 லிட்டருக்கு மேல் 9 லிட்டர் வரை நீர் வரும். அதனினும் குறைந்த அளவில் இதமாகக் குளிக்க உதவும் ஷவர்களும் உள்ளன. சட்டம் மிக மோசமானவற்றை விலக்குகிறது. மிகச் சிறந்ததைத் தேர்வது மக்களின் விருப்பத்தைப் பொறுத்தது.

நம் நாட்டுக்கு ஏற்றது எது?

நம் நாட்டிலும் இத்துறையில் முயற்சிகள் நிகழ்ந்துள்ளன. இந்தியத் தர அமைவனம் 2021ஆம் ஆண்டில் நீர்ச் சிக்கனக் குழாய்ச் சாதனங்களுக்கென ஐ.எஸ். 17650 என்னும் தரத்தை வெளியிட்டது. அதன் முதற் பகுதி கழிவறைப் பீங்கான் சாதனங்களையும், இரண்டாம் பகுதி குழாய் முதலியவற்றையும் பற்றியது. 2024 மார்ச்சு மாதத்தில் கடும் நீர்ப் பற்றாக்குறை ஏற்பட்டபோது, பெங்களூரு நகரக் குடிநீர் வாரியம் வணிக நிறுவனங்களிலும் அடுக்குமாடிக் கட்டடங்களிலும் ஏரேட்டர் பொருத்தும்படி ஆணையிட்டது.

எனினும், வேற்று நாட்டு அளவுகளை அப்படியே எடுத்துக்கொள்வது பொருந்தாது. ஆஸ்திரேலிய நகரங்களில் தெருக் குழாயின் அழுத்தமே நேரே வீட்டுக் குழாய்க்கு வருகிறது. கட்டடத்துக்குள் குழாய் முனையில் 500 கிலோபாஸ்கல் வரை அழுத்தம் அனுமதிக்கப்படுகிறது. அது ஏறத்தாழ 50 மீட்டர் உயர நீரின் அழுத்தமாகும். நம் நாட்டு வீடுகள் பலவற்றில் மாடித் தொட்டியிலிருந்தே நீர் இறங்குகிறது. தொட்டி குழாய்க்கு மூன்று மீட்டர் மேலே இருந்தால் அழுத்தம் ஏறத்தாழ 30 கிலோபாஸ்கல் மட்டுமே. அங்கு நிமிஷத்துக்கு 9 லிட்டரே வாராமலிருக்கக் கூடும். அத்தகைய வீட்டில் உயர் அழுத்தத்துக்கென வடித்த ஏரேட்டரைப் பொருத்தினால் நீர் சொட்டுச் சொட்டாய் வருமேயன்றிப் பயன் விளையாது. உயர்ந்த அடுக்குமாடிகளின் கீழ்த் தளங்களிலும், பம்பு வைத்து அழுத்தம் ஏற்றிய வீடுகளிலும் நிலைமை வேறு. அங்கு ஓட்டச் சீராக்கி நன்கு உதவும். ஆதலால் முதலில் வாளியால் அளந்தறிதல் வேண்டும். சாதனத்தைத் தெரிந்தெடுப்பது அதன் பின்னரே.

மேலும் இந்நாட்டில் பல குடும்பங்கள் குழாயில் குளிப்பதில்லை. வாளியில் நீர் பிடித்துச் செம்பால் மொண்டு குளிக்கின்றன. முன்னர்க் கூறியபடி, கொள்ளளவு குறிப்பிட்ட கலத்தை நிரப்பும் குழாயில் ஓட்டத்தைக் குறைப்பதால் மிச்சம் இல்லை. அவ்வீடுகளில் கவனிக்க வேண்டியவை கழிவறைத் தொட்டியும், பாத்திரம் கழுவும் குழாயும், எல்லாவற்றுக்கும் மேலாக ஒழுக்குமே ஆகும். மாடித் தொட்டியின் மிதவை வால்வு பழுதுபட்டு நிரம்பி வழிவதும் இவ்வகையைச் சேர்ந்ததே.

அளவுகள் இடத்துக்கிடம் மாறலாம். அளவுகளுக்கு அடியிலுள்ள கொள்கை மாற வேண்டியதில்லை. நீருக்கு விலை கேட்பவர், அதனை வீணாக்காத குழாயைத் தருதல் வேண்டும். விலை கொடுப்பவருக்கு, தாம் உபயோகித்த அளவைத் தாமே மானியில் பார்த்தறியும் வாய்ப்பு இருத்தல் வேண்டும். நீர்க் கட்டணம் விதிப்பது பற்றி ஊராட்சிகளிலும் குடியிருப்போர் சங்கங்களிலும் ஆலோசனை நிகழும்போது, கள ஊழியர் இவ்விரண்டையும் எடுத்துரைக்கலாம். பள்ளி மாணவர் ஒரு வாளியும் கடிகாரமும் கொண்டு தம் வீட்டுக் குழாய்களை அளந்து, ஒழுக்குள்ளவற்றைப் பட்டியலிட்டு வருவார்களாயின், அப்பட்டியலே எந்த ஆலோசனைக்கும் நல்ல தொடக்கமாக அமையும்.